சென்டாரியாவை உரம் போட்டுக் கொல்லாதீர்கள்

இந்தப் பருவத்தில் மட்டும் நான்காவது செடி. நேற்று ஒரு தோட்டத்தில் சாய்ந்து கிடந்த மலை சென்டாரியா என்ற பூச்செடியை லேசாக இழுத்தேன், தூரோடு கையில் வந்துவிட்டது. வேரை விரலால் உருவினால் தோல் வழுக்கிக்கொண்டு உரிகிறது, உள்ளே வெறும் நூல் மாதிரி நரம்புதான் மிச்சம். "தினமும் தண்ணீர் விட்டேனே, மாதாமாதம் உரமும் வைத்தேனே" என்று அந்த அம்மா கலங்கிப் போனார். அவரிடம் எப்படிச் சொல்வது, அதனால்தான் போயிற்று என்று?

ஐரோப்பாவின் ஆல்ப்ஸ், பிரனீஸ் மலைகளின் புல்வெளிகளிலும் காட்டோரங்களிலும் தானாக வளரும் செடி இது. பூச்சியம் டிகிரிக்குக் கீழே 20 டிகிரி போனாலும் பிழைத்துக்கொள்ளும். ஒரே பருவத்தில் முடிந்துபோகும் நீலக் கார்ன்ஃபிளவரின் உறவு என்றாலும், இது பல்லாண்டுச் செடி. குளிரால் இது சாவது அபூர்வம். குளிர்காலத்தில் வேரடியில் தேங்கி நிற்கும் தண்ணீரால்தான் சாகிறது. வடிகால் இல்லாத களிமண் என்றால் கூழாங்கல்லோ பருமணலோ தாராளமாகக் கலந்து, பாத்தியை மேடாக்கி நடுங்கள். வேர் பிடிக்கும்வரை, அதாவது முதல் பருவம் முழுக்க, மண் காயக் காயத் தண்ணீர் விடுங்கள். அப்புறம் நீண்ட வறட்சி வந்தால் மட்டும் போதும்.

இனி உரத்துக்கு வருகிறேன். தண்டு சாய்ந்தால் செடி பசியில் இருக்கிறது என்று யார் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியவில்லை, எல்லோரும் அதையே நம்புகிறார்கள். சாய்வது பசியால் அல்ல, கொழுப்பால். தழைச்சத்து ஏற ஏறத் தண்டு நீளும், பருக்கும், ஆனால் உறுதிப்படாது. இலை மண்டும், பூ குறையும். பூ குறைந்ததைப் பார்த்து இன்னொரு கை உரம் வைப்பார்கள், தண்டு இன்னும் சாயும். இந்தச் சுற்றில் சிக்காத தோட்டத்தை நான் பார்த்தது குறைவு. நல்ல வெயிலில், சுமாரான மண்ணில் நின்றால் மலை சென்டாரியா ஒன்றரை முதல் இரண்டு அடி உயரத்தில் தானே நிமிர்ந்து நிற்கும். நிழலில் வைத்துவிட்டு உரத்தைக் குறை சொல்லிப் பயனில்லை, நிழலில் நிற்கும் செடியும் சாயத்தான் செய்யும். வசந்தத்தில் தூரைச் சுற்றி ஒரு கை மட்கு தூவினால் தாராளம்.

முதல் பூப்பு முடிந்ததும் செடி பார்க்கச் சகிக்காது. இலையில் மாவு தூவியது போலச் சாம்பல் நோய், தண்டெல்லாம் காய்ந்த மொட்டு. உடனே மருந்துக் கடைக்கு ஓடாதீர்கள். கத்தரியை எடுத்துத் தரையோடு ஒட்ட வெட்டுங்கள். நடுவில் புதுத்துளிர் தெரிந்தால் அதை மட்டும் விட்டுவிடுங்கள். சில வாரங்களில் புது இலை வரும், பல சமயம் இரண்டாவது தடவையும் பூக்கும்.

இந்தச் செடியில் எனக்கு மிகவும் பிடித்தது பூவைவிட மொட்டுதான். ஓடு வேய்ந்த மாதிரி அடுக்கடுக்கான செதில், ஒவ்வொன்றின் விளிம்பிலும் மை தீட்டியது போல் கருப்புக் குஞ்சம். குனிந்து ஒருமுறை பாருங்கள். ஒரே பூவாகத் தெரிவது உண்மையில் பல பூக்களின் கொத்து. அதன் வெளிச்சுற்றில் விரிந்திருக்கும் பெரிய இதழ்ப் பூக்கள் மலட்டுப் பூக்கள், தேனீயை அழைப்பது மட்டுமே அவற்றின் வேலை. விதை நடுவில் உள்ள சின்னப் பூக்களில்தான். விதை விழுந்து ஊரெல்லாம் முளைக்கும் என்பதால் வாடிய பூவைக் கிள்ளிவிடுங்கள். உங்கள் பகுதியில் எந்த வகைக்குத் தடை என்பதையும் நடுமுன் விசாரியுங்கள். சென்டாரியாவின் பெரிய மஞ்சள் பூ வகை அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒழிக்க வேண்டிய களைப் பட்டியலில் இருக்கிறது.

இரண்டு மூன்று ஆண்டில் தூரின் நடு வெற்றிடமாகும். வசந்தத்திலோ இலையுதிர் காலத்திலோ தோண்டி, விளிம்பில் உள்ள இளங்கன்றுகளைப் பிரித்து நடுங்கள். நடுக்கட்டையை எறிந்துவிடலாம்.

கடைசியாக ஒரு கெஞ்சல். குளிர்காலத்தில் மேலே ஒன்றுமே தெரியாது. செத்துவிட்டது என்று மண்வெட்டியோடு கிளம்பிவிடாதீர்கள். இலை மடியும்போதே பக்கத்தில் ஒரு குச்சியை நட்டு வையுங்கள், துளிர் எங்கே வரும் என்று வசந்தத்தில் தேட வேண்டியிருக்காது.