சீட்டிங் டெப்த்: குண்டை இருத்தும் ஆழம்

அமெரிக்காவில் ரைபிள் சுடுவோர் பலர் தோட்டாவை முழுதாக வாங்காமல் வீட்டு மேசையில் தாமே கட்டிக்கொள்கிறார்கள். சுட்டு முடித்த பித்தளை உறையைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, பிரைமர் (அடிபட்டதும் பற்றி மருந்தைக் கொளுத்தும் சிறு மூடி) பொருத்தி, வெடிமருந்தை நிறுத்துப் போட்டு, கடைசியில் குண்டை உறையின் கழுத்துக்குள் அழுத்துவார்கள். அப்படி அழுத்தும்போது குண்டின் எவ்வளவு நீளம் உறைக்குள் இறங்குகிறதோ அதுதான் ‘சீட்டிங் டெப்த்’. (இந்தியாவில் உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம்.)

நம் நாளிதழ்களில் தோட்டா, குண்டு இரண்டும் ஒன்றாகவே புழங்குகின்றன. இலங்கையில் ரவை என்பார்கள். இங்கே தோட்டா என்பது உறையும் மருந்தும் சேர்ந்த முழுப்பொருள், குண்டு என்பது குழலை விட்டுப் பறக்கும் பகுதி மட்டும்.

‘இருக்கை ஆழம்’ என்று பெயர்த்தால் நாற்காலி வாங்குகிறவர் கேட்கும் அளவாகிவிடும். ஆங்கில ‘சீட்’ இந்த இடத்தில் வினைச்சொல். ஓர் உறுப்பை அதற்குரிய இடத்தில் ஆடாமல் அமர்த்துவது என்று பொருள். வால்வு சீட் என்று மெக்கானிக் சொல்வதும் இந்த வழியில் வந்ததுதான். ‘செருகுதல்’ என்றால் எளிதில் உருவிவிடலாம் என்று தோன்றும். ‘பதித்தல்’ என்றால் பிறகு பிரிக்கவே முடியாது என்று தோன்றும். ‘இரு’ என்பதன் பிறவினையான ‘இருத்து’ இரண்டுக்கும் நடுவே சரியாக நிற்கிறது. ஆகவே இருத்தும் ஆழம்; அட்டவணைத் தலைப்புக்குச் சுருக்கமாக வேண்டுமானால் ‘இருத்தாழம்’.

தோட்டாவின் மொத்த நீளத்தையே இருத்தும் ஆழமாக எடுத்துக்கொள்வதுதான் அடிக்கடி நேரும் குழப்பம். கணக்கு எளிது: குண்டின் நீளத்தையும் உறையின் நீளத்தையும் கூட்டி, மொத்த நீளத்தைக் கழிக்க வேண்டும். .308 வின்செஸ்டர் என்ற ரைபிள் தோட்டாவில் 31.5 மி.மீ. குண்டு, 50.93 மி.மீ.க்கு வெட்டிய உறை, மொத்த நீளம் 71.12 மி.மீ. என்றால் குண்டு 11.31 மி.மீ. உள்ளே போயிருக்கிறது.

ஆனால் அந்த 11.31 மி.மீ. முழுவதையும் கழுத்து பிடித்துக்கொண்டிருப்பதில்லை. குண்டின் பின்பகுதி படகின் அடிபோலக் குறுகியிருந்தால் அந்த வால் கழுத்துச் சுவரைத் தொடாது. வால் 4.5 மி.மீ. என்றால் உண்மையான தொடுகை 6.8 மி.மீ. மட்டுமே. குண்டின் விட்டம் அளவுக்காவது தொடுகை வேண்டும் என்பது பழைய கைவிதி; .308-க்கு அது 7.8 மி.மீ. அந்தத் தோட்டாவின் கழுத்தே சுமார் 7.7 மி.மீ.தான்; .300 வின்செஸ்டர் மேக்னம் என்ற இன்னொரு தோட்டாவில் 6.7. எனவே அதை விதி என்பதைவிடத் தோராயமான வழிகாட்டி என்பதே பொருத்தம்.

தொடுகை வேறு, இறுக்கம் வேறு. ‘நெக் கான்டாக்ட்’ என்பது நீளம்: கழுத்துத் தொடுகை. ‘நெக் டென்ஷன்’ என்பது பிடியின் வலிமை: கழுத்து இறுக்கம். குண்டை இருத்தும் முன் கழுத்தின் உள்விட்டம் குண்டைவிட 0.05 மி.மீ. அளவுக்குச் சிறிதாக இருப்பது வழக்கம். பிடி தளர்ந்தால் மேகஸினில் (துப்பாக்கியில் தோட்டாக்களை அடுக்கும் பெட்டி) அதிர்வு வாங்கும் தோட்டாவில் குண்டு உள்ளே நழுவும்; மருந்துக்கான இடம் குறைந்து அழுத்தம் ஏறும். கழுத்தின் உள்விளிம்பைச் சீவாமல் இருத்தினால் குண்டின் செம்பு சுருள்சுருளாகப் பெயர்ந்து உறையின் வாய்விளிம்பில் நிற்கும். கழுத்தும், அதற்குக் கீழே உறை சரிவாக அகலும் தோளும் சேரும் இடத்தில் பித்தளை தடித்து உள்வளையமாகத் திரண்டிருந்தால், குண்டின் முழுவிட்டப் பகுதி அதைத் தாண்டும்போது பிடி தாறுமாறாகக் கூடும். குண்டை அழுத்தும் கருவியின் நெம்புகோலில் கை உணரும் திடீர் எதிர்ப்புதான் அதற்கு அடையாளம்.

முன்பக்கத்துக்கும் ஒரு சொல் வேண்டும். குழலின் உள்ளே திருகிச் செல்லும் பள்ளங்களுக்கு நடுவே எஞ்சும் பகுதியை ‘லேண்ட்’ என்பார்கள். உழுத சால்களுக்கு இடையே விடுபட்ட நிலத்தைக் குறித்த சொல் இது. சால், மேடு என்றே நாமும் சொல்லலாம். குண்டு இருந்த இடத்திலிருந்து நகர்ந்து அந்த மேட்டைத் தொடும்வரை கடக்கும் தூரம் ‘ஜம்ப்’, தமிழில் பாய்ச்சல். பலர் 0.5 மி.மீ. பாய்ச்சலில் தொடங்கி, மருந்தளவை மாற்றாமல், சிறுசிறு படிகளாகக் கூட்டி எங்கே குண்டுகள் நெருங்கி விழுகின்றன என்று பார்க்கிறார்கள். மேட்டில் முட்டும்படி இருத்தினால் அழுத்தம் கூடும். ஆகவே மருந்தைக் குறைத்துத் தொடங்க வேண்டும். சுடாத தோட்டாவை வெளியே இழுக்கும்போது குண்டு குழலிலேயே சிக்கி, மருந்து உள்ளே கொட்டிவிடவும் கூடும்.

அளக்கும்போது நுனியை நம்பக் கூடாது. முனை திறந்த போட்டிக் குண்டுகளின் நுனி ஒரே பெட்டிக்குள்ளேயே கூடிக்குறையும். காலிப்பர் என்ற அளவுகோலில் கம்பேரட்டர் (குண்டின் வளைவில் அமரும் துளையுள்ள துணைக்கருவி) மாட்டி, உறையின் அடியிலிருந்து குண்டின் வளைவுவரை அளப்பதே சரி. அந்த வளைவின் பெயர் ‘ஓஜைவ்’. கூர்வளைவைக் குறிக்கும் பிரெஞ்சுக் கட்டடக்கலைச் சொல். குண்டை இருத்தும் அச்சான டையின் தண்டும் நுனியில் இடிக்காமல் வளைவிலேயே அமர வேண்டும். இல்லையென்றால் தோட்டாவுக்குத் தோட்டா ஆழம் மாறும். பல முறை சுட்டபின் மேட்டின் தொடக்கம் அரித்து முன்னே நகரும் என்பதால், வளைவளவைத் தேதியுடன் குறித்துவைத்து அவ்வப்போது மறுபடி அளக்க வேண்டும். மொத்த நீளத்துக்கு மேகஸின் வேறு எல்லை போடும்; .308-க்கு அமெரிக்கத் தர அமைப்பு வைத்திருக்கும் உச்சம் 71.37 மி.மீ.