சொல் விளக்கம்: ‘பணமதிப்பிழப்பு’ அல்ல, செல்லாமை

50 பைசா நாணயத்தைக் கையில் தூக்கிக் காட்டி, “இது மதிப்பிழப்பு செய்யப்பட்ட நாணயமா?” என்று ஒருவர் காணொளியில் கேட்கிறார். பதில் சொல்கிறேன் பேர்வழி என்று அதற்கப்புறம் அவர் பேசியதெல்லாம் ஒரே குழப்பம். கேள்வியே தப்பு. இந்தக் காசு செல்லுமா, செல்லாதா என்று கேட்டிருந்தால் ஒரே சொல்லில் முடிந்திருக்கும்: செல்லும். 2011 நாணயச் சட்டப்படி 50 பைசாவாகவே பத்து ரூபாய் வரைக்கும் கொடுக்கலாம். அதே ஆண்டு ஜூன் 30 முதல் செல்லாமல் போனவை 25 பைசாவும் அதற்குக் கீழே உள்ள காசுகளும்தான்.

‘பணமதிப்பிழப்பு’ என்ற இந்தச் சொல் 2016 நவம்பரில் வந்து ஒட்டிக்கொண்டது. இன்றுவரை விடவில்லை. செய்தி, பாடநூல், மேடைப் பேச்சு, போட்டித் தேர்வுக் கையேடு என்று எங்கும் அதுதான். டிமானிடைசேஷனுக்குத் தமிழ் இது என்று சொல்கிறார்கள். இல்லவே இல்லை.

மூலச் சொல்லைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். பழைய ரோமில் ஜூனோ மொனேட்டா என்ற பெண் தெய்வத்தின் கோயிலை ஒட்டி நாணயச் சாலை இருந்தது. அந்த மொனேட்டாவிலிருந்துதான் ஆங்கிலத்தில் பணத்தையும் நாணயச் சாலையையும் குறிக்கும் சொற்கள் பிறந்தன. முன்னால் நிற்கும் ‘டி’ நீக்கத்தைக் குறிக்கிறது. ஆக, பணமாக இருந்த ஒன்றை இனிமேல் பணமில்லை என்று ஆக்குவது. 1870களில் ஜெர்மனியும் அமெரிக்காவும் வெள்ளிக்கு இருந்த பணத் தகுதியை எடுத்தபோது இந்தச் சொல்தான் அங்கே புழங்கியது. அப்போதும் சந்தையில் வெள்ளிக்கு விலை இருக்கத்தான் செய்தது. போனது பணமாக நிற்கும் தகுதி. இதில் மதிப்பு எங்கிருந்து நுழைந்தது?

2016 நவம்பர் 8 அன்று இரவு என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். 500, 1000 ரூபாய் நோட்டுகள் இனிச் சட்டப்படி செல்லாது என்று அறிவித்தார்கள். அறிவிக்கையில் இருந்ததும் அதுதான், மதிப்புக் குறைப்பு பற்றிய பேச்சே அதில் கிடையாது. டிசம்பர் 30 வரை அந்த 1000 ரூபாய் நோட்டை வங்கிக் கணக்கில் கட்டியவர்களுக்கு முழுசாக 1000 ரூபாய் வரவு வைத்தார்கள், ஒரு பைசா குறையவில்லை. ஆனால் அதே நோட்டைக் கொண்டுபோய் மளிகைக் கடையில் நீட்டினால் கால் கிலோ துவரம்பருப்பு கிடைக்காது. மதிப்பு அப்படியே இருக்கிறது, செல்லவில்லை. இவ்வளவு தெளிவாகக் கண்ணெதிரே நடந்த ஒன்றுக்கு ‘மதிப்பிழப்பு’ என்று எப்படிப் பெயர் வைக்க மனம் வந்தது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. அதற்கு முன்னால் 1946 ஜனவரியிலும் 1978 ஜனவரியிலும் பெரிய நோட்டுகளைச் செல்லாது என்றார்களே, அதுவும் இதே வகைதான்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. மதிப்பு நிஜமாகவே குறையும் நிகழ்ச்சி பொருளாதாரத்தில் தனியாக உண்டு. 1966 ஜூன் 6 அன்று இந்திய அரசு ரூபாயின் மதிப்பைக் குறைத்தது. அதுவரை ஒரு டாலருக்கு 4.76 ரூபாய், அன்றைக்கு அது 7.50 ரூபாய் ஆனது. 1991 ஜூலையிலும் இப்படிக் குறைத்தார்கள். அது மதிப்புக் குறைப்பு. அரசு கை வைக்காமலே சந்தையில் ரூபாய் இறங்கினால் அது மதிப்புச் சரிவு, மதிப்பிழப்பு. இந்த இடத்துக்கு உரிய சொல்லைத் தூக்கிக்கொண்டுபோய் நோட்டு செல்லாமல் போனதற்கு மாட்டிவிட்டால், இதற்கு எந்தச் சொல்லைப் போடுவது? 1966இல் நடந்ததற்கும் 1978இல் நடந்ததற்கும் என்ன வித்தியாசம் என்று தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். இரண்டும் ஒன்றுதானே என்பார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, சொல் அப்படி வாய்த்திருக்கிறது.

சிலர் கொஞ்சம் யோசித்து ‘பணமதிப்பு நீக்கம்’ என்று எழுதுகிறார்கள். இழப்பு தானாக நேர்வது, நீக்கம் ஒருவர் செய்வது, அந்த அளவில் இது பரவாயில்லை. ஆனால் நடுவில் அதே மதிப்பு உட்கார்ந்திருக்கிறது. தப்பு இருப்பது அங்கேதான்.

பழைய காசுகளை மக்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தாலே இந்தச் சொல் நிற்காது. 1943 முதல் 1947 வரை அச்சடித்த ஓட்டைக் காலணாவை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் வட்டமாக ஓட்டை, சுற்றிலும் மெல்லிய செம்பு வளையம். செல்லாமல் போன பிறகு அதை வாஷராகப் போட்டு முடுக்கினார்கள், குழந்தைகளின் அரைஞாண் கயிற்றில் கோத்தும் கட்டினார்கள். தாமரை போட்ட 20 பைசாவைப் பொன்னிறமாக இருக்கிறதென்று சேர்த்து வைத்து லட்சுமி பூஜைக்கு எடுக்கும் வீடுகள் உண்டு. நாணயம் சேர்ப்பவர்களிடம் போனால், அரிதாகக் கிடைக்கும் செல்லாத காசுக்கு அதில் எழுதியிருப்பதைவிடப் பல மடங்கு விலை. மதிப்பு ஏறியிருக்கிறது! இதைப் போய் மதிப்பிழந்த நாணயம் என்றால் சேர்ப்பவர் கோபித்துக்கொள்ள மாட்டாரா? (பழைய நோட்டு, காசு கொடுத்தால் லட்சக்கணக்கில் தருகிறோம், முதலில் கமிஷன் கட்டுங்கள் என்று கேட்கிறவர்களை மட்டும் நம்பாதீர்கள். ரிசர்வ் வங்கி தன் பெயரைச் சொல்லி நடக்கும் இந்த மோசடி பற்றி 2021இலேயே எச்சரித்திருக்கிறது.)

சரி, தமிழில் என்ன சொல்வது? இதற்காகப் புதிதாக ஒன்றும் கட்ட வேண்டாம், ‘செல்’ என்ற வினையே போதும். நடப்பது, போவது என்பதுதான் அதன் அடிப்படைப் பொருள். அதிலிருந்து கை மாறிப் போவது, எடுபடுவது, ஏற்கப்படுவது என்று விரிந்தது. சங்கப் பாட்டில் செலவு என்றால் பயணம், இன்றைக்கு நம் கையை விட்டுப் பணம் போவது. செல்லுபடி, செல்வாக்கு எல்லாம் இந்தக் குடும்பம்தான். எதிர்மறைப் பெயரும் பழையதே. பிரிவாற்றாமை அதிகாரத்தின் முதல் குறள் “செல்லாமை உண்டேல் எனக்குரை” என்றுதான் தொடங்குகிறது. அங்கே பிரிந்து போகாமை, இங்கே கடைத்தெருவில் காசு போகாமை.

இன்னொன்றும் கவனியுங்கள். தமிழ் வழக்கு மதிப்பையும் செல்லுபடியையும் என்றைக்கும் குழப்பிக்கொண்டதில்லை. ‘சல்லிக்காசு பெறாது’ என்றால் பேச்சு மதிப்பைப் பற்றியது. சல்லி சின்னக் காசுதான், ஆனால் செல்லும். ‘செல்லாக்காசு’ என்றால் எத்தனை பெரிய தொகை எழுதியிருந்தாலும் வாங்க ஆள் இல்லை. எழுத்தறியாத பாட்டிகூடப் பிரித்துச் சொன்னதை, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுகிறவர்கள் சேர்த்துக் குழைத்துவிட்டார்கள்.

அரசு செய்யும் செயலுக்குச் ‘செல்லாதாக்கம்’, நோட்டின் நிலைக்குச் ‘செல்லாமை’. இதுதான் என் பரிந்துரை. ‘நோட்டு ரத்து’ என்றாலும் எனக்குச் சம்மதமே. ரத்து அரபு வழி வந்த சொல், தூய தமிழ்ப் பற்றாளர்கள் முகம் சுளிக்கலாம். ஆனால் பொருள் தப்பாமல் வரும் இரவல் சொல், பொருளைக் கெடுக்கும் தனித்தமிழைவிட எவ்வளவோ மேல். இந்திக்காரர்கள் ‘நோட்பந்தி’ என்று சட்டென்று ஒரு பேர் வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்கள். நமக்குத்தான் ‘செல்லாது’ கடைத்தெருச் சொல்லாகப் படுகிறது. முதல் நாள் “500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது” என்று சரியாகத்தான் எழுதினோம். அப்புறம் கட்டுரை எழுத உட்கார்ந்ததும் கனமான சொல் வேண்டியிருந்தது. மூன்று சொல்லை ஒட்டினால்தான் கலைச்சொல் என்ற நினைப்பு நம் மொழிபெயர்ப்பாளர்களை எப்போது விடுமோ தெரியவில்லை.

10 ரூபாய் நாணயத்தைக் கடைக்காரர் ‘செல்லாது’ என்று மறுக்கிறாரே, அது சட்டப்படி செல்லும்தானே, அப்படியானால் இந்தச் சொல்லிலும் குழப்பம் வராதா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பதினான்கு வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் சொன்ன பிறகும் தமிழ்நாட்டில் பல கடைகளில் வாங்கவில்லை. ‘சட்டப்படி செல்லும், கடையில் செல்லவில்லை’ என்று சொல்லிப் பாருங்கள், நிலைமை முழுக்க விளங்கிவிடும். அதே இடத்தில் ‘மதிப்பிழப்பு’ போட்டால் வாக்கியமே அமையாது.

2023 மே மாதம் 2000 ரூபாய் நோட்டைப் புழக்கத்திலிருந்து திரும்பப் பெறுவதாக ரிசர்வ் வங்கி அறிவித்தது, நோட்டு சட்டப்படி செல்லும் என்று அதே அறிவிப்பில் சொன்னது. அதற்கும் ‘இரண்டாவது பணமதிப்பிழப்பு’ என்று தலைப்பு வைத்தவர்கள் உண்டு. மதிப்பும் இழக்கவில்லை, செல்லாமலும் போகவில்லை, திரும்பப் பெற்றார்கள், அவ்வளவுதான்.