கடைசியாகச் சுவரைத் தொடுபவர்

புதுச்சேரியில் பெரியவர்களுக்கு நீச்சல் கற்றுத்தரும் பயிற்சியாளன் நான். காலை ஐந்தரை மணி வகுப்புக்கு வருபவர்களில் பெரும்பாலோர் நாற்பதைக் கடந்தவர்கள். வங்கி அலுவலர்கள், ஆசிரியர்கள், ஓய்வுபெற்ற பஞ்சாலைத் தொழிலாளர்கள், கடலூரிலிருந்து முதல் பேருந்தைப் பிடித்து வரும் ஓரிருவர். இவர்களில் சிலர் மாஸ்டர்ஸ் எனப்படும் மூத்தோர் போட்டிகளுக்குப் பெயர் கொடுக்கிறார்கள். முதல் போட்டியோடு நின்றும் விடுகிறார்கள். காரணம் கேட்டால் தோள்வலி என்பார்கள், வேலைப்பளு என்பார்கள். சற்றுப் பேசவிட்டால் உண்மை வரும்: மற்றவர்கள் எல்லோரும் தொட்டு முடித்துவிட, குளமே பார்த்துக்கொண்டிருக்கத் தாம் மட்டும் நீந்திய அந்த அரை நிமிடம்.

சாலையில் ஓடுபவர் கூட்டத்தில் கரைந்துவிடலாம். நீச்சல் குளத்தில் கயிறு கட்டிய தடத்தில் ஒளிய இடமில்லை. ஆனால் இந்தத் தனிமையின் ஒரு பகுதியை நாமே வரவழைத்துக்கொள்கிறோம் என்பதே என் அனுபவம். விண்ணப்பத்தில் நுழைவு நேரம் என்றொரு கட்டம் இருக்கும்; அந்தத் தூரத்தை எவ்வளவு நேரத்தில் நீந்துவீர்கள் என்று எழுத வேண்டிய இடம் அது. அதைக் கொண்டுதான் ஒத்த வேகமுள்ளவர்களை ஒரே ஹீட்டில், அதாவது ஒன்றாகப் புறப்படும் ஒரே குழுவில், சேர்க்கிறார்கள். மெய்யான நேரத்தை எழுதக் கூச்சப்பட்டு, பதினைந்து இருபது விநாடி குறைத்து எழுதுபவர், வேகமானவர்களின் ஹீட்டில் போய் மாட்டிக்கொண்டு கடைசி நீளத்தை (குளத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரையிலான தூரத்தை) தனியாக நீந்துகிறார். மெதுவான ஹீட்டில் நீந்துவது இழிவன்று. அங்கேதான் பக்கத்துத் தடத்தில் துணைக்கு ஒரு கை தெரியும்.

விதிகளையும் படித்துவிட்டுப் போவது நல்லது. உலக நீச்சல் கூட்டமைப்பின் மாஸ்டர்ஸ் போட்டிகளில் 25 வயது முதல் ஐந்தைந்து ஆண்டுப் பிரிவுகள் உண்டு. அந்த ஆண்டு டிசம்பர் 31 அன்று என்ன வயதோ அதுவே கணக்கு. மேடையிலிருந்து பாயத் தயங்குபவர் குளத்தின் விளிம்பிலிருந்து குதிக்கலாம், தண்ணீருக்குள் நின்று சுவரை உதைத்தும் புறப்படலாம். பிறர் நீந்தி முடிக்கும்வரை, முடித்தவர்கள் தங்கள் தடத்திலேயே காத்திருக்கவும் விதி இடம் தருகிறது. மெதுவானவரையும் மனத்தில் வைத்து எழுதப்பட்ட விதிகள் இவை.

இனி வேகத்துக்கு வருவோம். கடலூர், பண்ருட்டிப் பக்கத்துக் கிராமங்களில் வளர்ந்தவர்கள் பெரும்பாலும் இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டிக்கொண்டு, பம்புசெட்டுக் கிணற்றில் நீந்தப் பழகியவர்கள். அவர்களுக்கு நீரைக் கண்டு அச்சமில்லை. ஆனால் தலையை நீருக்கு மேலே தூக்கியே நீந்துவார்கள். கிணற்றில் அது சரியான பழக்கம்தான், மேலிருந்து யார் குதிக்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ள வேண்டுமல்லவா? குளத்தில் அதே பழக்கம் காலை இழுத்துக் கீழே தாழ்த்திவிடுகிறது. உடல் சாய்ந்து, ஒரு கதவைத் தள்ளிக்கொண்டு போவதைப் போல நீரைத் தள்ளுகிறது. நீர் காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியானது. வேகத்தைப் பத்து விழுக்காடு கூட்ட வேண்டுமானால் ஒவ்வொரு விநாடியும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடுதல் ஆற்றலைச் செலவழிக்க வேண்டும். ஆகவே ஐம்பது வயதில் கைவலிமையைக் கூட்டி முன்னேற முயல்வதைவிட, முகத்தை நீரில் வைத்து, மூச்சை நீருக்குள்ளேயே விட்டு, உடலைக் கிடையாக்குவதே மலிவான வழி. இத்தனை நாள் தம்மைச் சோம்பேறி என்று திட்டிக்கொண்டிருந்தவருக்கு, குறை உழைப்பில் இல்லை, கழுத்தில் இருக்கிறது என்று தெரியும்போது முகம் மாறுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

என் மாணவர்கள் குறிப்பேட்டில் இரண்டு எண்களை எழுதுகிறார்கள்: ஒரு நீளத்துக்கு எத்தனை கைவீச்சு, எத்தனை விநாடி. நேரம் அசையாத மாதங்களிலும் கைவீச்சு இருபத்தெட்டிலிருந்து இருபத்து நான்காகக் குறையும். பக்கத்துத் தடத்துக்காரரால் இந்த எண்ணைத் தொட முடியாது.

ஒரு எச்சரிக்கை. பின்தங்கிவிடுவோம் என்ற பதற்றத்தில், புறப்படுமுன் வேகவேகமாக ஆழ்மூச்சு இழுத்துவிட்டு நீருக்கடியில் நெடுந்தூரம் போக முயலாதீர்கள். மூச்சுவிடும் உந்துதல் வருவதற்கு முன்பே நினைவு தப்பக்கூடும். நெஞ்சில் இறுக்கம் தோன்றினால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கையை உயர்த்துங்கள்.

கைதட்டலைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஐம்பத்திரண்டு வயது வங்கி அலுவலர் ஒருவர் 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் கடைசியாக வந்தபோது அரங்கமே எழுந்து தட்டியது. நானும் தட்டினேன். திரும்பும் வழியில் அவர், "துக்க வீட்டில் தோளைத் தட்டுவது மாதிரி இருந்தது சார்" என்றார். அன்றிலிருந்து எங்கள் குழுவில் கடைசியாக வருபவருக்கென்று தனியாகத் தட்டுவதில்லை. ஒருவர் ஸ்டாப்வாட்ச்சுடன் அவருடைய தடத்தின் முனையில் நிற்பார்.

மறு ஆண்டும் அவரே கடைசி. சுவரைத் தொட்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, மேலே பார்த்தார்.

"எவ்வளவு?"

"ரெண்டு பதினாலு. போன தடவை ரெண்டு இருபத்தொண்ணு."

"மூணாவது திருப்பத்தில் மூச்சு வாங்க நின்னுட்டேன்."

"பார்த்தேன். அங்க இன்னும் ரெண்டு விநாடி இருக்கு அண்ணே."