எமுலேட்டர் முன்மாதிரி ஆகுமா?

‘லினக்ஸில் விண்டோஸ் மென்பொருளை ஓட்ட ஒரு முன்மாதிரியை நிறுவிக்கொள்ளுங்கள்’ என்கிற வகை வாக்கியங்கள் தமிழ்த் தொழில்நுட்ப எழுத்தில் பெருகிவிட்டன. ஒரு கணினியைப் போலவே நடந்து, அதற்கு எழுதிய நிரல்களை வேறொரு கணினியில் ஓட்டித் தருவது எமுலேட்டர். அதற்கு முன்மாதிரி என்று எழுதுவது பொருளையே தலைகீழாக்குகிறது.

ஒருவருக்கு ஈடாக முயலுதல், போட்டியிடுதல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினையிலிருந்து வந்த சொல் எமுலேட்டர். கணினித் துறையில் 1960களில் புழக்கத்துக்கு வந்தது. 1964இல் ஐபிஎம் அறிவித்த சிஸ்டம்/360 கணினிகளில், 1401 போன்ற பழைய கணினிகளுக்கு எழுதிய நிரல்களை ஓட்டுவதற்கான ஏற்பாட்டை இச்சொல்லால் குறித்தனர்.

முன்மாதிரி என்பது முன்னே இருப்பது. பிறர் அதைப் பார்த்துச் செய்வார்கள். எமுலேட்டரோ மூலக் கருவி ஒன்று ஏற்கெனவே இருக்க, அதைப் பார்த்துப் பின்னால் செய்யப்படுவது. யாரைப் பார்த்துச் செய்கிறோமோ அவரே முன்மாதிரி, செய்கிறவர் அல்லர். அகராதியில் ‘முன்மாதிரியாகக் கொள்’ என்று கண்ட மொழிபெயர்ப்பாளர் வினையை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டதால் வந்த வினை இது என்றே தோன்றுகிறது. மேலும், புரோட்டோடைப் என்பதற்கு முன்மாதிரி என்னும் சொல் மிகச் சரியாக வழங்கிவருகிறது. ஒரே கட்டுரையில் இரண்டும் வந்தால் படிப்பவர் என்ன செய்வார்?

பாவிப்பி என்பாரும் உண்டு. அது சிமுலேட்டருக்கே பொருந்தும். விமானச் சிமுலேட்டரில் யாரும் ஊர் போய்ச் சேர்வதில்லை. எமுலேட்டரில் ஓடும் நிரல் எழுதிச் சேமித்த கோப்போ உண்மையான கோப்பு. போலியியக்கி என்றால், வன்பொருளை இயக்க உதவும் டிரைவர் என்னும் மென்பொருளைக் குறிக்கும் இயக்கியோடு குழம்பும்.

போலாக்கி என்பதே என் தேர்வு. ‘போலி என்றால் கள்ளச் சரக்கு என்ற நினைவு வருமே’ என்று தயங்குவோர் இலக்கணத்தைப் பார்க்க வேண்டும். பந்தல் பந்தராகவும் நிலம் நிலனாகவும் வருவதைப் போலி என்கிறோம். ஓர் எழுத்தின் இடத்தில் வேறோர் எழுத்து நின்றும் பொருள் மாறுவதில்லை. ஒரு கணினியின் இடத்தில் வேறொன்று நின்றும் நிரலின் பயன் மாறாதிருப்பதைச் சொல்ல இதைவிட நெருங்கிய வேர் நம்மிடம் இல்லை.

ஆயினும், பிற இயங்குதளத்து மென்பொருளை ஓட்டுவன எல்லாம் போலாக்கிகள் ஆகா. பழைய டாஸ் நிரல்களை ஓட்டும் டாஸ்பாக்ஸ், பழைய கணினியின் செயலியையும் (CPU) ஒலி அட்டையையும் மென்பொருளாகவே செய்து காட்டுகிறது, அது போலாக்கி. லினக்ஸில் விண்டோஸ் நிரல்களை ஓட்டும் வைன் என்னும் மென்பொருள் 1993இல் தொடங்கியது. அது எந்தச் செயலியையும் போலச் செய்வதில்லை. விண்டோஸ் நிரல் ஒரு கோப்பைத் திறக்கக் கேட்டால், அவ்வேண்டுகோளை லினக்ஸ் அறிந்த அழைப்பாக மாற்றிக் கொடுக்கிறது. அந்நிரல் சி டிரைவ் என்று எண்ணுவது, பயனரின் முகப்புக் கோப்புறைக்குள் மறைந்திருக்கும் இன்னொரு கோப்புறையே. ‘வைன் எமுலேட்டர் அன்று’ என்பதே அப்பெயரின் விரிவாகவும் சொல்லப்படுகிறது. அப்படியிருந்தும் அதை ‘விண்டோஸ் முன்மாதிரி’ என்று எழுதுவோர், மூலத்தின் முதல் வரியையேனும் படித்திருக்கலாம். வைனுக்கு உரிய சொல் இணக்க அடுக்கு (compatibility layer). இரண்டு தளங்களுக்கு நடுவே நின்று இணக்கம் செய்வதை அது நேராகச் சொல்லிவிடுகிறது.