144 ஹெர்ட்ஸ் யாருக்கு?

மானிட்டரில் கறுப்புப் பின்னணி ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு மவுஸை இடமிருந்து வலமாகச் சடாரென இழுத்துப் பாருங்கள். அம்புக்குறி வழுக்கிக்கொண்டு போகாது. இடைவெளி விட்டு விட்டுப் பல அம்புகள் வரிசையாக நிற்பதுபோலத் தெரியும். 1920 பிக்சல் அகலத்தை அரை விநாடியில் கடந்தீர்கள் என்றால், 60 ஹெர்ட்ஸ் திரை, அதாவது விநாடிக்கு 60 முறை படத்தை மாற்றும் திரை, அந்தப் பயணத்தில் 30 இடங்களை மட்டும்தான் காட்டும். இரண்டு அம்புகளுக்கு நடுவே 64 பிக்சல் வெற்றிடம். இதையே 144 ஹெர்ட்ஸ் திரையில் செய்தால் 72 அம்புகள் தெரியும், இடைவெளி 27 பிக்சல் அளவுக்குச் சுருங்கிவிடும்.

கேமிங் மானிட்டர் என்று தனி அலமாரியில் வைத்து, சில ஆயிரம் ரூபாய் கூடுதலாக விற்கப்படுவதன் சாரம் இந்த இடைவெளிதான். பெரும்பாலானவற்றின் உள்ளே இருப்பது அதே திரவப் படிகம், பின்னால் அதே எல்இடி விளக்கு. சிவப்பு விளக்கும் கூர்மையான கால்களும் வெறும் அலங்காரம். மாறுவது நேரக் கணக்கு. சாதாரண 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் ஒரு படத்தை 16.7 மில்லி விநாடி வைத்திருக்கும், 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் 6.9 மில்லி விநாடியில் அடுத்ததற்குப் போய்விடும்.

அம்புகளின் எண்ணிக்கை கூடுவது மட்டும்தானா லாபம்? இல்லை, இன்னொன்றும் இருக்கிறது. திரையில் ஒரு கார் விநாடிக்கு 960 பிக்சல் வேகத்தில் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். உங்கள் கண் அதைத் துரத்திக்கொண்டு நிற்காமல், சீராக நகர்கிறது. ஆனால் திரையிலிருக்கும் கார் நின்று நின்றுதான் போகிறது. ஒரு படம் வந்ததும் அடுத்த படம் வரும்வரை அசையாமல் அங்கேயே கிடக்கிறது. அந்த 16.7 மில்லி விநாடிக்குள் கண் 16 பிக்சல் தூரம் முன்னே போய்விடுகிறது. படம் நிற்க, விழித்திரை நகர, காரின் விளிம்பு 16 பிக்சல் அகலத்துக்கு ஈஷிக்கொள்கிறது. ஆக, கலங்கல் திரையில் இல்லை, நம் கண்ணுக்குள் உண்டாகிறது. 144 ஹெர்ட்ஸில் இந்த ஈஷல் ஏழு பிக்சலுக்கும் 240 ஹெர்ட்ஸில் நான்குக்கும் இறங்கும்.

பழைய குண்டு மானிட்டரில் விளையாடியவர்கள் 'அதில் ஓட்டம் சுத்தமாகத் தெரியும்' என்று சொல்வது வெறும் பழம்பெருமை இல்லை. அந்தக் குழாய்த் திரையில் ஒவ்வொரு புள்ளியும் கொஞ்ச நேரமே ஒளிர்ந்து அணைந்துவிடும். துரத்தும் கண்ணில் ஈஷிக்கொள்ள அங்கே படமே நிற்பதில்லை.

ஹெர்ட்ஸ் ஏற ஏற லாபம் ஒரே அளவில் ஏறாது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 60-லிருந்து 144-க்குப் போனால் ஒரு படத்துக்கு 9.7 மில்லி விநாடி மிச்சம். 144-லிருந்து 240-க்குப் போனால் 2.8 மட்டுமே. 240-லிருந்து 360-க்கு 1.4. விலையோ தலைகீழாக ஏறுகிறது. முதல் தாவலுக்குக் கொடுக்கும் காசு கண்ணுக்குத் தெரியும். அடுத்தடுத்த தாவல்கள் போட்டியில் ஆடுகிறவர்களின் கவலை.

இனி பேனல், அதாவது படம் தெரியும் பலகை. மின்புலம் கொடுத்தால் திரவப் படிக மூலக்கூறுகள் திரும்பும், எடுத்துவிட்டால் பழைய நிலைக்கு வரும். இந்த இரண்டும் ஒரே வேகத்தில் நடப்பதில்லை. காற்று பிடித்ததும் பாய்மரப் படகின் பாய் படக்கென்று புடைத்துவிடும், காற்று நின்றால் மெதுவாகத்தான் தொய்யும் இல்லையா, அதுபோலத்தான் இதுவும். மின்புலம் திருப்புவது வேகமாக நடக்கும், தானாகத் திரும்பி வருவதற்கு நேரம் பிடிக்கும். ஒரு பிக்சல் நிறம் மாற 10 மில்லி விநாடி எடுத்துக்கொண்டால், 6.9 மில்லி விநாடிக்கு ஒரு படம் அனுப்பும் திரையில் அது வேலையை முடிப்பதற்குள் அடுத்த கட்டளை வந்துவிடும். முந்தைய படத்தின் நிழல் வாலாகத் தொங்கும்.

இந்தப் பேனல்களில் விஏ, ஐபிஎஸ், டிஎன் என்று மூன்று முக்கிய வகைகள் உண்டு. விஏ பேனலில் இந்த வால் கறுப்பிலிருந்து சாம்பலுக்கு மாறும் இடத்தில் நன்றாகவே தெரியும். இருட்டுக் காட்சியில் ஒருவன் ஓடினால் பின்னால் மை இழுத்தது போலிருக்கும். ஆனால் அதன் கறுப்பு கறுப்பாகவே இருக்கும். கான்ட்ராஸ்ட், அதாவது வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள ஒளி விகிதம், 3000-க்கு 1 என்பது விஏயில் சாதாரணம், வழக்கமான ஐபிஎஸ்ஸில் 1000-க்கு 1 சுற்றித்தான் கிடைக்கும். இரவில் விளக்கணைத்துப் படம் பார்ப்பவருக்கு விஏ பிடிக்கும். டிஎன் வேகமானது, பக்கவாட்டில் பார்த்தால் நிறம் செத்துவிடும். இன்றைய தேதியில் வேகமான ஐபிஎஸ்தான் பெரும்பாலோருக்கும் சரி என்பது என் கருத்து.

அட்டைப்பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் '1 மில்லி விநாடி'யை அப்படியே நம்ப வேண்டாம். மூலக்கூறை அதட்டித் திருப்புவதற்காகத் தேவைக்கு மேல் மின்னழுத்தம் கொடுக்கும் ஓவர்டிரைவ் என்ற ஏற்பாடு மானிட்டரில் உண்டு. அதை உச்சத்தில் வைத்து, சாதகமான ஒரு நிறமாற்றத்தை மட்டும் அளந்தாலும் அந்த எண் கிடைத்துவிடும். உச்சத்தில் வைத்து விளையாடினால் பிக்சல் இலக்கைத் தாண்டிப் போய்த் திரும்பும், ஓடும் பொருளின் விளிம்பில் வெளிறிய கோடு விழும். மெனுவில் நடு நிலையில் வைத்துவிடுவது உத்தமம். ஒரு சின்ன ஆறுதல்: வெப்பத்தில் திரவப் படிகத்தின் பிசுபிசுப்பு குறைவதால் பிக்சல்கள் சற்று வேகமாகத் திரும்பும். குளிர்நாட்டில் ஹீட்டர் போடாத அறையில் ஆடுகிறவனைவிட ராமநாதபுரம் பக்கத்து மண்டபம் ஊரில் சித்திரை மாதம் ஆடுகிறவனுக்கு இந்த ஒரு விஷயத்தில் மட்டும் கொடுப்பினை!

கீழக்கரையில் ஒரு கல்லூரிப் பையன் என்னிடம் கேட்டது இது (அண்ணனை அங்கே காக்கா என்பார்கள்): "காக்கா, 144 வாங்குனா பிங் குறையுமா?"

"குறையாது தம்பி. அது வேற கணக்கு."

பிங் என்பது நாம் அனுப்பியது விளையாட்டின் சர்வருக்குப் போய்ப் பதில் திரும்ப ஆகும் நேரம். வேறு கணக்குதான், ஆனால் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய கணக்கு. ராமநாதபுரத்திலிருந்து மும்பை நேர்கோட்டில் சுமார் 1,250 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி ஒரு மில்லி விநாடிக்குச் சுமார் 200 கிலோமீட்டர் போகும். மும்பையில் சர்வர் இருக்கும் விளையாட்டில், நீங்கள் சுட்டது அங்கே போய்ப் பதில் திரும்ப, கேபிள் நூல் பிடித்ததுபோல் நேராகப் போனாலும் குறைந்தது 12 மில்லி விநாடி ஆகும். நிஜத்தில் கேபிள் வளைந்து நெளிந்து, பல சாதனங்களில் நின்று நின்று போவதால் இன்னும் கூடும். மானிட்டர் பக்கமோ, ஒரு மாற்றம் திரைக்கு வரக் காத்திருக்கும் சராசரி நேரம் 60 ஹெர்ட்ஸில் 8.3, 144-ல் 3.5 மில்லி விநாடி. ஐந்து மில்லி விநாடிக்குக் கொஞ்சம் குறைவான லாபம். பார்த்ததும் விரலை அழுத்த மனிதனுக்கு ஆகும் நேரமே 200 மில்லி விநாடிக்குப் பக்கம். 'நொடியில் சுடலாம்' என்ற விளம்பரத்தைவிட, ஓடும் எதிரி கலங்காமல் தெரிவான், குறி வைக்க வசதி என்பதுதான் நியாயமான விற்பனைப் பேச்சு.

அவனிடம் நான் திருப்பிக் கேட்டது: உன் கம்ப்யூட்டர் விநாடிக்கு எத்தனை படம் தருகிறது? மானிட்டர் தானாகப் படம் வரைவதில்லை. கிராபிக்ஸ் கார்டு 50 படம் கொடுத்தால் 144 ஹெர்ட்ஸ் திரையும் 50 படத்தைத்தான் காட்டும். கார்டே இல்லாத லேப்டாப்பில் வாலரண்ட் போன்ற இலகுவான விளையாட்டு ஓடிவிடும், கனமானவை 40, 50-க்கே மூச்சு வாங்கும். அந்த நிலையில் காசைக் கார்டில் போடுவதுதான் புத்தி. விளையாட்டெல்லாம் மொபைலில்தான், கம்ப்யூட்டரில் படிப்பும் படமும் மட்டும் என்கிறவனுக்கு இந்தக் கேள்வியே தேவையில்லை.

கார்டின் வேகமும் திரையின் வேகமும் ஒத்துப்போகாதபோது படம் நடுவில் கிழிந்தாற்போல் தெரியும். மேல் பாதியில் பழைய படம், கீழ்ப் பாதியில் புதியது. கார்டு படத்தை முடிக்கும்வரை திரை காத்திருந்து, வந்ததும் காட்டுவது இதற்கு மருந்து. என்விடியா 2013-ல் ஜி-சிங்க் என்ற பெயரில் இதை அறிவித்தது, அதற்கு மானிட்டருக்குள் தனிச் சில்லு வேண்டியிருந்தது. பிறகு ஏஎம்டியின் ஃப்ரீசிங்க் வந்தது. 2019-லிருந்து என்விடியா கார்டுகளும் தனிச் சில்லு இல்லாத மானிட்டர்களோடு ஒத்துப்போக ஆரம்பித்தன. பல மானிட்டர்களில் இந்த ஏற்பாடு 48 ஹெர்ட்ஸில் தொடங்கி உச்சம்வரை வேலை செய்யும். நடுத்தரக் கார்டு வைத்திருப்பவருக்கு 240 என்ற எண்ணைவிட இந்த வசதி பெரிய வரம்.

வேலைக்கு என்றால் பார்க்க வேண்டியவை வேறு. 27 அங்குலத் திரையில் 1080பி (1920 x 1080 பிக்சல்) எடுத்தால் அங்குலத்துக்குச் சுமார் 82 பிக்சல்தான் வரும், 24 அங்குலத்தில் 92. ஆங்கில எழுத்து இதில் தப்பித்துவிடும். ஞ, ணூ, ஜ என்று சுழி சுழியாக வரும் நம் எழுத்து சிறிய அளவில் கட்டிக்கொண்டு கிடக்கும், புள்ளி இருக்கிறதா இல்லையா என்று குனிந்து பார்க்க வேண்டிவரும். இ-சேவை மையத்தில் நாள் முழுக்கப் பட்டாவும் சான்றிதழும் பார்க்கிறவருக்கு 24 அங்குலம், அல்லது 27 என்றால் 1440பி (2560 x 1440 பிக்சல்). கல்யாண ஆல்பம் செய்யும் ஸ்டுடியோக்காரர் எஸ்ஆர்ஜிபி என்ற நிற வரம்பு முழுமையாக வரும் ஐபிஎஸ்ஸைத் தேடட்டும். வளைந்த விஏ திரையில் பட்டுப்புடவையின் மெரூன் ஓரத்தில் ஒன்றும் நடுவில் ஒன்றுமாகத் தெரிந்தால் பிரின்டில் சண்டை வரும்.

இப்போது 100 ஹெர்ட்ஸ் ஐபிஎஸ் திரைகள் ஆபீஸ் மானிட்டர் என்ற பெயரிலேயே வருகின்றன. எக்செல்லை உருட்டும்போதே வித்தியாசம் தெரியும். விளையாட்டும் வேலையும் பாதிப் பாதி என்பவருக்கு அதுவே போதும்.

இந்த ராமநாதபுரம் கடற்கரைக்கென்று இன்னொரு கணக்கு இருக்கிறது, உப்பு. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சமையல் உப்பு காற்றிலிருந்து நீரை உறிஞ்சித் தானே கரைய ஆரம்பிக்கும். பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் பெரும்பாலான இரவுகளில் ஈரப்பதம் அதற்கு மேல்தான். கச்சான் காற்று வீசும் மாதங்களில் மானிட்டரின் பின்துளை வழியாக உள்ளே போய்ப் படிந்த உப்புத்தூள் இரவில் நீர் பிடித்து, மின்சாரம் கடத்தும் பூச்சாகிச் செம்புத் தடத்தை அரிக்கும். உள்ளே மின்சுற்று ஓடி வெதுவெதுப்பாக இருக்கும்வரை ஈரம் அவ்வளவாகத் தங்காது. மாதக்கணக்கில் மூடிவைத்த வீட்டு மானிட்டர் முதலில் செத்துப்போவது இதனால்தான். கடலைப் பார்த்த ஜன்னலுக்கு நேரே வைக்காதீர்கள். திரையைக் காய்ந்த துணியால் தேய்த்தால் உப்புப் பரல் மேற்பூச்சைக் கீறும், தண்ணீர் பிழிந்த மென்துணியால் ஒற்றி எடுங்கள்.

மின் அடாப்டர் வெளியே தனியாக வரும் மாடல் கிடைத்தால் எனக்குப் பிடிக்கும். பவர் பகுதியிலுள்ள கெப்பாசிட்டரின் ஆயுள், சூடு 10 டிகிரி கூடினால் ஏறக்குறைய பாதியாகும். அது வெளியே இருந்தால் அடாப்டரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

துபாயிலிருந்து அண்ணன் கொண்டுவரும் மானிட்டர் என்றால் மின்னழுத்தம் பிரச்சினை இல்லை, அங்கேயும் 230 வோல்ட்தான். மூன்று செவ்வகக் கால் பிளக் நம் சாக்கெட்டில் நுழையாது, கேபிளை மட்டும் மாற்றினால் போதும். வாரன்டி இங்கே செல்லுமா என்பதை அவர் பில் போடுவதற்கு முன்பே கேட்டுவிடச் சொல்லுங்கள்.

வாங்கி மாட்டியதும் விண்டோஸில் டிஸ்ப்ளே செட்டிங்ஸுக்குள் போய் அட்வான்ஸ்டு டிஸ்ப்ளேயைத் திறந்து ரெஃப்ரெஷ் ரேட்டைப் பாருங்கள். 144 ஹெர்ட்ஸ் மானிட்டரிலும் அது 60-லேயே நின்றுகொண்டிருக்கலாம், மாதக்கணக்கில் அப்படியே ஓட்டுகிறவர்கள் உண்டு. பட்டியலில் 144 வரவே இல்லையென்றால் கேபிளையும் துளையையும் சந்தேகப்படுங்கள். பழைய ஹெச்டிஎம்ஐ 1.4 துளையில் சில மானிட்டர்கள் 120-க்கு மேல் ஏறாது, டிஸ்ப்ளே போர்ட்டில் போட்டால் வரும். கேபிளைக் கிராபிக்ஸ் கார்டில் சொருகாமல் அதற்கு மேலே மதர்போர்டில் இருக்கும் துளையில் சொருகியிருக்கிறீர்களா என்றும் ஒருமுறை குனிந்து பார்த்துவிடுங்கள்.