வட்டத்துக்குள் எத்தனை இழை?

இங்கிலாந்தில் பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை விட்டதும் சில வகுப்பறைகளுக்குள் பாலித்தீன் கூடாரம் முளைக்கும். ஜன்னல், கதவு, காற்றோட்டத் துளை எல்லாவற்றையும் ஒட்டி மூடிவிடுவார்கள். உறிஞ்சும் விசிறி ஒன்று உள்ளிருக்கும் காற்றை நுண்வடிகட்டி வழியாக வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். அதனால் கூடாரத்தில் எங்காவது கீறல் விழுந்தாலும் வெளிக்காற்று உள்ளே வருமே தவிர, உள்காற்று வெளியே கசியாது. உள்ளே முகமூடி அணிந்த ஆட்கள் 1960களிலும் 70களிலும் பொருத்திய கூரைப் பலகைகளைக் கழற்றிக்கொண்டிருப்பார்கள். பலகையில் கால்பங்கு வரைகூட கல்நார் இருக்கலாம். ஆஸ்பெஸ்டாஸ் என்று நாம் சொல்வது அதைத்தான்.

செப்டம்பரில் பிள்ளைகள் அந்த அறைக்குத் திரும்ப ஒரு சான்றிதழ் வேண்டும். அதில் ஓர் எண் இருக்கும்: ஒரு மில்லிலிட்டர் காற்றில் 0.01 இழைக்கும் குறைவு. தெர்மாமீட்டர் காட்டுவதைப்போல ஏதோ ஒரு கருவி காட்டிய எண் என்றுதான் அதைப் படிக்கும் பெற்றோர் நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் அது ஒருவர் நுண்ணோக்கியில் கண்ணை வைத்து ஒன்று, இரண்டு, இரண்டரை என்று எண்ணிச் சொன்ன எண். இரண்டரை எப்படி வந்தது என்பதைப் பிறகு பார்ப்போம்.

கல்நார் என்ற சொல் இந்தப் பொருளுக்கு அச்சாகப் பொருந்துகிறது. கல்லாக வெட்டி எடுக்கிறோம், நாராக உரிகிறது. வாழைமட்டையை நீளவாக்கில் கிழிக்கக் கிழிக்க நார் மெலிந்துகொண்டே போவதைப்போல இதுவும் போகும். ஆனால் வாழைநார் நிற்கும் இடத்தில் இது நிற்காது. வெள்ளைக் கல்நாரின் கடைசி இழை தலைமுடியைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் மெல்லியது. அப்படிப்பட்ட இழை தரையில் படிய மணிக்கணக்காகும். மூச்சோடு நுரையீரலின் அடிவரை போய்விட்டால் எளிதில் கரையாது. நுரையீரல் புற்றுநோயோ, நுரையீரலைச் சுற்றிய உறையில் வரும் மீசோதெலியோமா என்னும் புற்றுநோயோ இருபது முப்பது ஆண்டுகள் கழித்துத் தலைகாட்டும். பிரிட்டன் நீல, பழுப்புக் கல்நார்களை 1985இலும் வெள்ளையை 1999இலும் தடைசெய்தது. ஆனால் அதற்கு முன்பே சுவருக்குள்ளும் கூரைக்குள்ளும் போய்விட்டதைச் சட்டத்தால் வெளியே எடுக்க முடியாது. பழுதுபார்ப்பு வேலை தொடங்கும்போதுதான் அது காற்றுக்கு வருகிறது.

காற்றை அளக்கும் முறை, கேட்டால் இவ்வளவுதானா என்று தோன்றும் அளவுக்கு எளிமையானது. 25 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு வட்ட வடிதாள், அதைப் பிடிக்க ஒரு குழல், பின்னால் ஒரு பம்பு. குழலின் வாய் கீழ்நோக்கி இருக்கும், மேலிருந்து உதிரும் தூசி நேராக உள்ளே விழாமலிருக்க. குழல் மின்சாரம் கடத்தும் பொருளால் ஆனது. சாதாரண பிளாஸ்டிக்காக இருந்தால் நிலைமின்னூட்டம் இழைகளைச் சுவரிலேயே இழுத்து ஒட்டிக்கொள்ளும், வடிதாளுக்குக் குறைவாகவே வந்து சேரும். நிமிடத்துக்கு 8 லிட்டர் வீதம் ஒரு மணி நேரம் இழுத்தால் 480 லிட்டர்.

பிறகு அந்த வெள்ளை வடிதாளைக் கண்ணாடிச் சில்லில் வைத்து அசிட்டோன் ஆவியைக் காட்டுவார்கள். தாள் இளகிக் கண்ணாடிபோல் தெளிந்துவிடும். இப்போது வேறொரு சிக்கல். தாளும் தெளிவு, இழையும் தெளிவு, தண்ணீரில் விழுந்த கண்ணாடித் துண்டைத் தேடும் கதை. இழைக்குள் நுழையும் ஒளி சற்றே பின்தங்கி வெளிவருகிறது, ஆனால் அந்தத் தாமதம் கண்ணுக்குத் தெரியாது. தாமதத்தை இருள்-ஒளி வேறுபாடாக மாற்றிக் காட்டும் வழியைக் கண்டுபிடித்தவர் நெதர்லாந்தின் இயற்பியலாளர் ஃப்ரிட்ஸ் சேர்னிக்கே. 1953இன் நோபல் பரிசு அதற்குத்தான். கட்டவேறுபாட்டு நுண்ணோக்கி என்னும் அந்தக் கருவியில் பார்த்தால் வெளிறிய பின்னணியில் இழைகள் கோடு கோடாக எழுந்து நிற்கும்.

நுண்ணோக்கிக்குள் 100 மைக்ரோமீட்டர் விட்டத்தில் ஒரு வட்டம் பொறித்திருக்கும். எண்ணுபவருக்கு அந்த வட்டம்தான் உலகம். நீளம் 5 மைக்ரோமீட்டருக்கு மேல், அகலம் 3க்குக் கீழ், நீளம் அகலத்தைப்போல மூன்று மடங்குக்கும் மேல்: இவை மூன்றும் பொருந்தினால்தான் இழை. இரு முனையும் வட்டத்துக்குள் இருந்தால் ஒன்று. ஒரு முனை மட்டும் உள்ளே இருந்தால் அரை. முனை இரண்டும் வெளியே இருந்து நடு மட்டும் வட்டத்தைக் கடந்தால் பூஜ்யம். இரண்டரை வந்தது இப்படித்தான். சில்லை அங்குமிங்கும் நகர்த்தி இப்படி 200 வட்டங்கள் பார்க்க வேண்டும்.

எண்ணும் கண்ணையும் கருவியையும் சோதிக்க ஒரு சில்லு உண்டு. வரவர மெலியும் கோடுகளாக ஏழு பட்டைகள் அதில் இருக்கும். ஐந்தாவது பட்டை கொஞ்சமாவது தெரிய வேண்டும், ஆறும் ஏழும் தெரியக் கூடாது. அதிகமாகத் தெரிந்தாலும் தவறுதான்! ஓர் ஆய்வுக்கூடத்தின் நுண்ணோக்கி மட்டும் கூர்மையாக இருந்தால் அதன் எண்ணிக்கையை மற்ற ஆய்வுக்கூடங்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட முடியாமல் போய்விடும்.

இப்போது கணக்குக்கு வருவோம். 200 வட்டங்களின் மொத்தப் பரப்பு சுமார் 1.6 சதுர மில்லிமீட்டர். காற்று புகுந்த வடிதாளின் பரப்போ 380. ஆகப் பார்த்தது சுமார் 240இல் ஒரு பங்கு. அதில் 20 இழைகள் கிடைத்தால் முழுத் தாளிலும் ஏறத்தாழ 4,800 என்று பெருக்கிக்கொள்கிறோம். அதை 480 லிட்டரால், அதாவது 4,80,000 மில்லிலிட்டரால் வகுத்தால் 0.01 வரும். சான்றிதழில் இருக்கும் எண் பிறந்த இடம் இதுதான். 20 இழைக்குக் கீழே எண்ணிக்கை நம்பத் தகாதது. காற்றே இழுக்காத புதுத் தாளிலும் ஓரிரண்டு இழை தென்படும். போதாததற்குச் சீட்டுக்குலுக்கல் வேறு: உண்மையான சராசரி 20 என்று இருந்தாலும் ஒருமுறை 13 வரும், இன்னொருமுறை 28 வரும்.

ஆக 0.01 என்பது இவ்வளவு இருந்தால் உடலுக்குத் தீங்கில்லை என்று மருத்துவர்கள் வகுத்த எல்லை அன்று. இந்த முறையால் உறுதியாகச் சொல்லக்கூடிய மிகக் குறைந்த அளவு அது, அவ்வளவே. மில்லிலிட்டருக்கு 0.01 என்றால் லிட்டருக்குப் பத்து. அசையாமல் உட்கார்ந்து நிமிடத்துக்கு 6 லிட்டர் மூச்சு வாங்குபவருக்கு நிமிடத்துக்கு அறுபது இழைகள். பிரிட்டனின் வழிகாட்டு நெறிகளே இதைத் துப்புரவின் தற்காலிக அடையாளம் என்றுதான் சொல்கின்றன, நிரந்தரமாக ஏற்கத்தக்க அளவு என்று சொல்வதில்லை.

இந்த நுண்ணோக்கிக்கு இன்னும் இரண்டு குறைகள் உண்டு. சுமார் 0.2 மைக்ரோமீட்டரைவிட மெல்லிய இழை அதன் கண்ணில் படாது. பட்டாலும் அது என்ன இழை என்று தெரியாது. ஜிப்சம் ஊசி, கண்ணாடிக் கம்பளி, சட்டைப் பஞ்சு எல்லாமே விதிக்குள் வந்தால் இழைதான். கட்டட வேலை நடக்கும் இடத்தில் இது பெரிய தலைவலி. பக்கத்து அறையில் சுவர் உடைத்தால் தாளில் தூசி மண்டி எண்ணவே முடியாமல் போகும். காற்றைக் குறைவாக இழுக்கலாமே என்றால், குறைத்த அளவுக்கு 0.01 வரை இறங்கிப் பார்க்க முடியாது.

பிரான்ஸ் வேறு வழிக்குப் போனது. பாரிஸின் ழுசியூ பல்கலைக்கழக வளாகத்தின் எஃகுச் சட்டங்கள்மேல் தீத்தடுப்புக்காகக் கல்நாரைத் தெளித்திருந்தார்கள். அதை அகற்றும் வேலை 1990களில் தொடங்கி இருபது ஆண்டுகள் இழுத்தது. அந்நாட்டில் இன்று எலக்ட்ரான் நுண்ணோக்கியால்தான் எண்ணுகிறார்கள். ஒவ்வோர் இழையின் படிக அமைப்பையும் தனிமங்களையும் பார்த்து, இது கல்நார், இது இல்லை என்று பிரித்துவிட முடியும். மக்கள் திரும்பக் குடியேற அங்கே எல்லை லிட்டருக்கு 5. எண்ணும் முறையே வேறு என்பதால் பிரிட்டனின் பத்தோடு இதை நேருக்கு நேர் வைத்துப் பார்க்கக் கூடாது. பிரான்ஸின் முறைக்குச் செலவும் காத்திருப்பும் கூடுதல். கூடாரத்துக்கு வெளியிலேயே நுண்ணோக்கியை வைத்து அன்று மாலையே முடிவு சொல்லும் வசதி பிரிட்டனின் முறையில்தான் உண்டு.

அதற்காக அந்த எண் வீண் என்று சொல்லமாட்டேன். அமைதியாக இருக்கும் அறையில் இழை தரையில் படிந்து கிடக்கும், காற்று சுத்தமாகத்தான் தெரியும். எனவே பம்பு ஓடும்போது, காற்றைச் சோதிக்கும் பகுப்பாய்வாளர் துடைப்பத்தால் தரையையும் விளிம்புகளையும் வேண்டுமென்றே கூட்டித் தூசி கிளப்ப வேண்டும். கூட்டாமல் எடுத்த மாதிரிக்கு என்னைக் கேட்டால் காகித மதிப்புதான்.

ஆனால் பம்பை ஓடவிடும் முன்பே ஒரு வேலை இருக்கிறது. சான்றிதழில் அது இரண்டாம் கட்டம், காற்றுச் சோதனை மூன்றாவது. பகுப்பாய்வாளர் முகமூடியோடு கூடாரத்துக்குள் போய், டார்ச்சும் ஏணியுமாக ஒவ்வோர் அங்குலமாகப் பார்ப்பார். பலகையை அறைந்திருந்த ஆணித் தலைகளின் அடியில் பொடி ஒட்டியிருக்கும். குழாய் சுவருக்குள் நுழையும் துளையில், மின்கம்பி ஓடும் தட்டின் மேல்புறத்தில், சட்டத்தின் பின்விளிம்பில் கை வைத்துத் தடவுவார். வேலை செய்தவர்கள் முந்திக்கொண்டு பசை தெளித்து எல்லாவற்றையும் மூடியிருந்தால் அதுவே சந்தேகத்துக்கு இடம். பெரிய அறையில் இது மணிக்கணக்காகும். கல்நார் அகற்றும் ஒப்பந்தக்காரரே பகுப்பாய்வாளருக்கும் கூலி கொடுக்கும் இடங்களில் இந்த மணிக்கணக்கு சுருங்கிவிடும் ஆபத்து உண்டு. கட்டட உரிமையாளர் நேரடியாக அமர்த்துவது நல்லது.

ஆணித் தலையின் அடியில் கடுகளவு பழுப்புப் பொடி தென்பட்டால் அவர் வெளியே வந்துவிடுவார். ஆட்கள் மறுபடி உள்ளே போய் உறிஞ்சித் துடைக்க வேண்டும். பம்பு அதுவரை பெட்டியில்தான் இருக்கும்.