காரின் மினுமினுப்பு எங்கே இருக்கிறது?

இரவில் பெட்ரோல் பங்க் விளக்கின் கீழ் ஒரு கறுப்புக் கார் வந்து நின்றால் அதன் பானெட்டைக் கவனியுங்கள். விளக்கின் பிம்பத்தைச் சுற்றி வட்ட வட்டமாக மெல்லிய கோடுகள் தெரியும். யாரோ துணியை வட்டமாகச் சுழற்றித் துடைத்ததால் வந்தவை என்றுதான் தோன்றும். ஒரு சின்னச் சோதனை: செல்போன் டார்ச்சைப் போட்டு மெதுவாக நகர்த்துங்கள். வட்டங்களும் கூடவே நகரும். கீறல் எப்படி நகரும்?

நகர்வது கீறல் இல்லை. பானெட் முழுக்க எல்லாத் திசைகளிலும் ஆயிரக்கணக்கான நுண்கீறல்கள் ஏற்கெனவே கிடக்கின்றன. விளக்கிலிருந்து வரும் ஒளியை நம் கண்ணுக்குத் திருப்பி அனுப்ப, கீறல் ஒரு குறிப்பிட்ட கோணத்தில் கிடக்க வேண்டும். விளக்கின் பிம்பத்தைச் சுற்றி எந்த இடத்தை எடுத்தாலும், பிம்பத்துக்குக் குறுக்காகக் கிடக்கும் கீறல் மட்டும் பளிச்சிடும். மற்றவை இருட்டிலேயே இருக்கும். அந்தக் குறுக்குக் கீறல்களை எல்லாம் கண் சேர்த்துப் பார்த்தால் வட்டம். ஆக, நேர்க்கோடாகப் பல திசைகளில் துடைத்தாலும் இந்த வட்டம் வரத்தான் செய்யும். முக்கியம் துடைக்கும் திசை இல்லை, துணிக்கும் பெயிண்டுக்கும் நடுவே என்ன மாட்டியிருக்கிறது என்பது.

இன்றைய காரில் பெயிண்ட் ஒரே அடுக்கு கிடையாது. இரும்புத் தகட்டின் மேல் துருவைத் தடுக்கும் பூச்சு, அதன்மேல் பிரைமர், அப்புறம் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமே இல்லாத கிளியர் கோட். கம்பெனியிலிருந்து வரும்போது எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 100 முதல் 150 மைக்ரான். தலைமுடி ஒன்றின் தடிமன் 70 மைக்ரான் அளவு என்று வைத்துக்கொண்டால், மொத்தப் பெயிண்டும் இரண்டு முடி கனம். அதில் கிளியர் கோட்டின் பங்கு 35 முதல் 50 மைக்ரான். ஒரு முடிகூட இல்லை. நாம் கழுவுவது, துடைப்பது, பாலிஷ் போடுவது எல்லாம் இந்த அடுக்கின் மேல்தான். நிறத்தை நாம் தொடுவதே இல்லை. புறஊதாக் கதிரை உறிஞ்சிக்கொள்ளும் வேதிப்பொருள்களும் இதற்குள்தான் கலந்திருக்கின்றன. கூரையிலும் பானெட்டிலும் வெள்ளை வெள்ளையாகத் தோல் உரிந்த பழைய கார்களைப் பார்த்திருப்பீர்கள். அங்கே வெயிலும் வயதும் சேர்ந்து கிளியர் கோட்டைத் தின்று முடித்திருக்கின்றன.

மினுமினுப்பு இந்த அடுக்கின் மேல்தளத்தில் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் 0.4 முதல் 0.7 மைக்ரான். மேற்பரப்பின் மேடு பள்ளம் அதைவிட மிகச் சிறியதாக இருந்தால் ஒளி சிதறாமல் ஒரே பக்கம் திரும்பும், முகம் தெரியும். அந்த அளவை எட்டும் கீறல்கள் வந்துவிட்டால் ஒளி நாலாபக்கமும் தெறிக்கும். கறுப்பு சாம்பலாகும், சிவப்பு வெளிறும். நிறம் மங்கிவிட்டது என்கிறோம். பல நேரம் நிறம் அப்படியே பத்திரமாகத்தான் இருக்கிறது, அதற்கு மேலே இருக்கும் தளம் சொரசொரத்துவிட்டது.

யார் சொரசொரப்பாக்குகிறார்கள்? ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று உடுமலை, பல்லடம் பக்கம் காற்றாலைகளைச் சுற்றிவிட்டு, காட்டுப் புழுதியையும் கிளப்பிக்கொண்டு வந்து கார் மேல் போடுகிறது. மண்ணில் குவார்ட்ஸ் மணல் உண்டு. கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸுக்கு 7. சன்னல் கண்ணாடியையே கீறும். கிளியர் கோட்டோ ஒரு வகைப் பிளாஸ்டிக். காலையில் வண்டியை எடுக்கும் முன் காய்ந்த மஞ்சள் துணியால் "ஒரு தட்டு தட்டி" துடைக்கும் பழக்கம்தான், என் கணக்கில், கொங்கு நாட்டுக் கார்களின் முதல் எதிரி. தூசியோடு விட்டுவைத்தால் பெயிண்டுக்கு ஒன்றும் ஆகாது. அதைத் தேய்ப்பதில்தான் ஆபத்து. ஆயுத பூஜை முடிந்து பானெட்டில் காய்ந்த சந்தனத்தையும் திருநீற்றையும் நகத்தால் சுரண்டுவதும் இதே கதை. ஈரத்துணியைப் போட்டு ஊறவிட்டால் தானாக விட்டுவிடும்.

பட்டறைகளில் பனியன் வேஸ்ட்தான் எல்லாவற்றுக்கும். கிரீஸ் துடைக்க அதைவிட நல்ல பொருள் இல்லை. பெயிண்டுக்கு வேண்டாம். துணி மிருதுதான், ஆனால் தட்டையான பின்னல். மண் துகள் உள்ளே போக இடமில்லாமல் மேலேயே நின்று பெயிண்டோடு உரசும். போதாக்குறைக்கு ஓவர்லாக் தையல் வேறு முடிச்சு முடிச்சாக இருக்கும். மைக்ரோஃபைபர் துணியின் சூட்சுமம் அதன் இழையில் இருக்கிறது. திருப்பூர்க்காரர்களுக்கு டெனியரை விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காக: 9000 மீட்டர் இழை ஒரு கிராம் எடை இருந்தால் அது ஒரு டெனியர். மைக்ரோஃபைபர் அதைவிடவும் மெல்லியது. பாலியெஸ்டரும் நைலானும் சேர்ந்த இழையைப் பிளந்து, நுனியைப் பூம்பூவாக நிறுத்தியிருப்பார்கள். துகள் அந்தப் பூக்களின் ஆழத்தில் போய் ஒளிந்துகொள்ளும், பெயிண்டை விட்டு விலகும். வாங்கும்போது ஜிஎஸ்எம் பாருங்கள், அதாவது ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்று. ஈரம் ஒற்ற 400-க்கு மேல் நல்லது. துவைக்கும்போது கம்ஃபர்ட் போன்ற மென்மையாக்கிகளைச் சேர்த்தால் இழை மேல் பிசுக்குப் படிந்து, உறிஞ்சும் திறன் போய்விடும்.

கழுவுவதைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. முதலில் வெறும் தண்ணீரை அடித்து மண்ணை இறக்குங்கள், பிறகு கார் ஷாம்பு. ஷாம்பின் வேலை அழுக்கைப் பிரிப்பது மட்டுமில்லை, கைக்கும் பெயிண்டுக்கும் நடுவே வழுக்கலாக இருப்பதும்தான். துணி அலச இன்னொரு வாளி வேண்டும்; ஒரே வாளி என்றால் எடுத்த மண்ணைத் திரும்ப எடுத்துப் பூசுகிறோம். துணி துவைக்கும் சோப்புத்தூளில் காரம் அதிகம், வேண்டாம்.

தண்ணீரைப் பற்றித்தான் கொஞ்சம் பேச வேண்டும். கோவையில் பல வீடுகளில் இரண்டு குழாய்: சமையலுக்கு நல்ல தண்ணீர், மற்றதுக்கெல்லாம் போர்வெல் உப்புத்தண்ணீர். கார் கழுவ உப்புத்தண்ணீர்தான் வரும், சிறுவாணித் தண்ணீரை யார் காருக்கு ஊற்றுவார்கள்! அந்த உப்பில் கால்சியம், மெக்னீசியம் பைகார்பனேட்டுகளும் உண்டு. தண்ணீரில் கரைந்து, கண்ணுக்குத் தெரியாமல் வரும். வெயிலில் தண்ணீர் ஆவியாகும்போது கார்பன் டை ஆக்சைடும் வெளியேறி, கரையாத கால்சியம் கார்பனேட்டாக மாறி உட்கார்ந்துவிடும். மதுக்கரையில் சிமென்டுக்காக வெட்டியெடுத்த சுண்ணாம்புக்கல்லும் வேதியியலில் இதே பொருள்தான்.

அந்தக் கறை ஏன் புள்ளியாக இல்லாமல் வளையமாக வருகிறது? மேசையில் சிந்திய காபி காய்ந்தால் விளிம்பு மட்டும் கறுத்து நிற்கும் அல்லவா, அதே காரணம். சொட்டின் விளிம்பு பெயிண்டில் ஒட்டிக்கொண்டு நகராமல் இருக்கும். அங்கே தண்ணீர் வேகமாக ஆவியாகும். இழப்பை ஈடுகட்ட நடுவிலிருந்து தண்ணீர் விளிம்பு நோக்கி ஓடும், போகும்போது தன்னிடம் இருப்பதையும் அள்ளிக்கொண்டு போகும். சிகாகோ பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் 1997-இல் நேச்சர் இதழில் இதை விளக்கினார்கள். சொட்டு லென்ஸ் மாதிரி வெயிலைக் குவித்துப் பெயிண்டைச் சுடுகிறது என்று ஒரு பேச்சு உண்டு. தகட்டின் மேல் தட்டையாகப் படுத்திருக்கும் சொட்டின் குவியம் பெயிண்டுக்கு வெகு கீழே விழும், அதனால் அது சுடாது. பழி முழுவதும் உப்புக்கும் சூட்டுக்கும்தான்.

புதிய கறைக்கு வினிகரில் பாதிக்குப் பாதி நல்ல தண்ணீர் கலந்து, நிழலில், ஒரு நிமிடம் ஈரத்துணியால் மூடி வைத்துக் கழுவினால் போதும். அமிலம் கார்பனேட்டைக் கரைத்துவிடும். மாதக்கணக்கில் கிடந்த கறை கிளியர் கோட்டிலேயே தடம் பதித்திருக்கும், அதற்கு வினிகர் உதவாது. இதெல்லாம் வராமல் இருக்க வழி சுலபம்: கடைசி ஒரு வாளி மட்டும் நல்ல தண்ணீராக இருக்கட்டும், காயவிடாமல் ஒற்றி எடுங்கள்.

பொள்ளாச்சிக்காரர்களுக்குத் தனியாக ஒரு தொல்லை இருக்கிறது. தென்னை மரத்தடியில் நிறுத்திய காரில் மறுநாள் பிசுபிசுவென்று ஏதோ தெளித்திருக்கும். 2016-இல் இந்தப் பகுதியில் தலைகாட்டிய சுருள் வெள்ளை ஈயின் வேலை அது. ஓலையின் சாற்றை உறிஞ்சி, தேவைக்கு மிஞ்சிய சர்க்கரையைத் தேன்போல் வெளியேற்றுகிறது. ஓலையில் அதன்மேல் கரும்பூஞ்சை வளர்கிறது; விட்டுவைத்தால் கார் மேலும் வளரும். சர்க்கரை என்பதால் தண்ணீரில் கரையும், வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்தாலே போய்விடும். பறவை எச்சம் அப்படி இல்லை. வெயிலில் கிளியர் கோட் சற்று இளகி விரிந்திருக்கும்போது எச்சம் மேலே காய்ந்து இறுகும். சாயங்காலம் குளிர்ந்து சுருங்கும்போது எச்சத்தின் வடிவத்துக்கே பெயிண்ட் படிந்துவிடும். அன்றே எடுத்தால்தான் தப்பிக்கலாம்.

பீளமேடு, கணபதி, குறிச்சி சிட்கோ மாதிரி ஃபவுண்டரிகளும் லேத் பட்டறைகளும் நிறைந்த இடத்தில் வெள்ளைக் கார் வைத்திருப்பவர்கள் கழுவின பிறகும் போகாத பழுப்புப் புள்ளிகளைப் பார்த்திருப்பார்கள். கிரைண்டிங் செய்யும்போது பறக்கும் இரும்புத் துகள், நம் பிரேக் டிஸ்க்கிலிருந்து உதிரும் துகள், இரண்டும் பெயிண்டில் குத்தி நின்று துருப்பிடிக்கின்றன. விரலில் பிளாஸ்டிக் கவரை மாட்டிக்கொண்டு தடவினால் நறநறவென்று தெரியும். இதற்கென்றே விற்கும் திரவத்தில் தயோகிளைகோலேட் என்ற உப்பு இருக்கிறது. அது இரும்போடு சேர்ந்ததும் ஊதா நிறமாக வடியும், பார்க்கவே வேடிக்கை. நாற்றத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். மிச்சத்தைக் கிளே பார் என்ற பிசையும் கட்டியால், ஷாம்புத் தண்ணீர் தெளித்து வழுக்கலாக நகர்த்தி எடுக்கலாம்.

இப்போது பாலிஷ். காட்டில் ஒரு குழி விழுந்தால் மண் கொட்டி நிரப்புவோம். பாலிஷ் செய்வது நேரெதிர்: குழியை விட்டுவிட்டு, மொத்தக் காட்டையும் குழியின் அடிமட்டத்துக்குச் செதுக்கி இறக்குகிறது. பாலிஷுக்குள் இருப்பது பெரும்பாலும் அலுமினியம் ஆக்சைடு தூள். மோஸ் அளவில் 9. முள்ளை முள்ளால் எடுப்பதுதான், பெரிய கீறல்களை அழித்து ஒளிக்கே தெரியாத அளவுக்குப் பொடிக் கீறல்களைப் போடுகிறோம். ஆகவே ஒவ்வொரு முறையும் அந்த 40 சொச்சம் மைக்ரானில் கொஞ்சம் போகும், போனது திரும்பாது. நுண்ணிய பாலிஷைக் கையால் போட்டால் போவது சொற்பம். மெஷினில் ரப்பிங் காம்பவுண்டு வைத்து அழுத்தினால் சில மைக்ரான் போய்விடும். பானெட் விளிம்பில் அடுக்கே மெல்லிசு, அங்கே நிறம்வரை போய்விடும். நகத்தை ஓட்டினால் தடுக்கும் கீறலை வீட்டில் தொடாதீர்கள், அவ்வளவு ஆழத்துக்கு இறக்கக் கிளியர் கோட்டில் இடமில்லை. வருடத்துக்கு ஒரு முறைக்கு மேல் பாலிஷ் கேட்கிறது என்றால் கழுவும் முறையில் கோளாறு.

வாட்டர் சர்வீஸில் கேட்பார்கள்: "டீசல் அடிச்சு உட்றலாமுங்களாண்ணா? நல்லா மின்னுமுங்க." மின்னத்தான் செய்யும். கிளியர் கோட்டின் ஒளிவிலகல் எண் சுமார் 1.5, காற்று 1. கீறலுக்குள் காற்று இருந்தால் ஒளிக்கு அது பெரிய பள்ளம். டீசலோ தேங்காய் எண்ணெயோ உள்ளே புகுந்தால் 1.45 பக்கம், ஒளிக்குப் பள்ளம் இருப்பதே தெரியாது. காரைக் கழுவி ஈரமாக இருக்கும்போது புதிதுபோல் இருப்பதும் இதனால்தான். ஆனால் எண்ணெய் தூசியைப் பிடித்துவைக்கும். இரண்டு நாளில் அதைத் துடைக்கப் போய்ப் புதுக் கீறல்கள். ரோட்டுத் தார் ஒட்டியிருந்தால் மட்டும் துணியில் கொஞ்சம் மண்ணெண்ணெய் தொட்டு எடுத்து உடனே ஷாம்பு போட்டுவிடலாம்.

வேக்ஸ் கீறலைத் தடுக்காது, அதன் கனம் ஒரு மைக்ரான்கூட இல்லை. அது மாற்றுவது, தண்ணீருக்கும் பெயிண்டுக்கும் உள்ள உறவை. பெயிண்டில் சொட்டு படரும். வேக்ஸ் மேல் சொட்டின் விளிம்பு தளத்தோடு 90 டிகிரிக்கு மேல் கோணம் காட்டி நிமிர்ந்து, உருண்டு நிற்கும். தாமரை இலை 150-ஐத் தாண்டும், ஆனால் அதற்கு இலையின் நுண்மேடுகள் காரணம். வழவழ பெயிண்டில் அது நடக்காது. பேர்போன கார்னாபா வேக்ஸ் வடகிழக்குப் பிரேசிலின் ஒரு பனையிலிருந்து வருகிறது. நம்மூர்ப் பனைக்குத் தூரத்துச் சொந்தம். வறட்சியில் ஓலை ஈரத்தை இழக்காமல் இருக்க அந்த மரம் பூசிக்கொள்ளும் மெழுகு அது. 82 டிகிரிக்கு மேல்தான் உருகும். தேன்மெழுகு 62-இலேயே இளகிவிடும். சித்திரை வெயிலில் கறுப்பு பானெட் 70-ஐத் தொடும் ஊரில் இந்த வித்தியாசம் பெரிது.

ஆனாலும் சில வாரம், மிஞ்சினால் இரண்டு மாதம்தான். செயற்கை சீலன்ட் இன்னும் கொஞ்சம் நாள் நிற்கும். நிழலில், தகடு கையில் சுடாதபோது, முடிந்தவரை மெல்லியதாகப் பூசுங்கள். கூடுதலாகப் பூசியது முழுக்கத் துணியோடு வந்துவிடும், காசுதான் வீண். கறுப்பு பிளாஸ்டிக் ஓரங்களில் பட்டால் வெள்ளைத் திட்டாகக் காய்ந்து லேசில் போகாது. பெயிண்ட் கடையில் ஒரு சுருள் மாஸ்கிங் டேப் வாங்கி முன்னாலேயே ஒட்டிவிடுங்கள்.